பதினொரு மில்லிமீட்டர்

என் பெயர் ஃப்ரேமா.
சிரிக்காதீர்கள், எங்கள் ஜனங்களின் பெயர் அது.
குமாசியில் தெருவுக்கு ஒரு ஃப்ரேமா உண்டு,
படத்துக்குச் சட்டம் போடுகிறவள்
எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

எந்திரம் ராட்டர்டாமிலிருந்து வந்தது,
மூன்று பழைய குளிர்பெட்டிகளுக்கு நடுவே
கண்டெய்னரில் குப்புறக் கிடந்து.
கையேடு டச்சு மொழியில். பிழைச் செய்தி டச்சு மொழியில்.
திட்டு மட்டும் ட்வி மொழியில், அது என் பங்கு.

தரை கோணல் என்று முதல்நாளே காட்டிக்கொடுத்தது.
ரசமட்டத்துக் குமிழி ஓடி ஓடி மூலையில் ஒளிந்தது.
ஒரு காலுக்கடியில் டயர்த் துண்டு,
இன்னொன்றுக்கு இரண்டு பெசேவா நாணயம்.
குமிழி நடுவில் வந்து உட்கார்ந்ததும்
பக்கத்துக் கடை இஸ்ஸாக்கா கைதட்டினான்.
தட்டட்டும், காற்று அவனுடையது:
லாரி டயருக்கு ஊதுகிற கம்ப்ரஸரிலிருந்து
சுவரைத் துளைத்து ஒரு குழாய்.
அந்தக் காற்றில்தான் பிடிகள் இறங்கி
அட்டையை அமுக்கும்.
நான் வெட்டப் போகிறேன் என்றால்
சுவரில் மூன்று தட்டு.

பிளேடின் ஆழம்தான் பெரும்பாடு.
கூடினால் அடியட்டையைக் கீறி முனை வளையும்.
குறைந்தால் மூலையில் ஒரு மயிரிழை
பால்பல் மாதிரி ஆடும், விழாது.
அரைக்கால் மில்லி ஏற்றி இறக்கி
நாற்பது துண்டு குப்பைக்குப் போன பிறகு
ஒன்று தானாகக் கழன்று விழுந்தது.
அன்று சீக்கிரம் கடை சாத்தி, மீன் வாங்கிப் போனேன்.

கீழ் விளிம்பை எப்போதும் சற்று அகலம் வைப்பேன்.
சமம் என்று எந்திரம் சொல்லும்,
சரிகிறது என்று கண் சொல்லும்.
கண்தான் காசு கொடுக்கிறது.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம்,
அட்டா கக்ரா வந்தாள். மறுநாள் காலை சாவுச் சடங்கு.
இரட்டையரில் மூத்தவள், அட்டா பானின், போய்விட்டாள்.
தனிப்படம் ஒன்றுகூடக் கிடையாது.
இருப்பது இது: ஒரே துணி, ஒரே தையல்,
இளையவள் கை மூத்தவள் தோளில்.
“படத்தை வெட்டாதே,” என்றாள். “என்னை மூடு.”

கறுப்பட்டை, உள்ளே வெள்ளைச் சதை.
சாய்வாக வெட்டினால் ஜன்னலைச் சுற்றி
நகக்கண் போல ஒரு வெளுப்பு.
கடையில் அதுதான் கடைசித் தாள்.
திரையில் கட்டத்தை நகர்த்தினேன்.
உயிரோடு இருக்கிறவள் அட்டைக்கடியில் போனாள்,
இடப்பக்கம் தோளில் நான்கு விரல் மிச்சம்.
இன்னும் நகர்த்தினேன், பதினொரு மில்லி.
விரலும் போயிற்று.
சுவரில் மூன்று தட்டு.

மேல் வெட்டு. வல வெட்டு. கீழ் வெட்டு.
மின்சாரம் போனது.

இருட்டில் இருவர் நின்றோம், படத்திலும் இருவர்.
இஸ்ஸாக்காவின் கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டது,
பிடிகள் தளர்ந்தன. யாரும் பேசவில்லை.

அரைமணி கழித்து விளக்கு வந்தபோது
எந்திரம் தன் பூஜ்ஜியத்தைத் தேடிப் போனது,
கண் தெரியாதவர் கட்டில் விளிம்பைத் தடவுவது போல.
முட்டி, நின்று, இதுதான் என்றது.
அது சரியாகத்தான் சொன்னது.
நகர்ந்திருந்தது அட்டை.
அவசரத்தில் நான் பார்க்கவில்லை.

இட வெட்டு வெளியே விழுந்தது.
இரண்டு மூலையில் ஒட்டிக்கொண்டு
துண்டு விழ மறுத்தது.
அளந்தேன். பதினொன்று.
இருட்டில் யார் முழங்கை பட்டதென்று
நான் கேட்கவில்லை.

“காலையில் அடும் கடைத்தெருவில் அட்டை வாங்கி
ஆறு மணிக்கு வெட்டித் தருகிறேன்,” என்றேன்.
அவள் படத்தை அடியில் வைத்துப் பார்த்தாள்.
கறுப்பிலிருந்து நான்கு விரல்
அக்காள் தோளைப் பிடித்திருந்தது,
யாருடையது என்று தெரியாமல்.

“எவ்வளவு?”
“காசா, அளவா?”
“இரண்டும்.”
சொன்னேன். காசை எண்ணி வைத்தாள்.
“மிச்சத்தைக் கத்தியால் முடி.”

அளவுகோலை அழுத்தி, கையால், மூச்சைப் பிடித்து
முதல் மூலை, இரண்டாம் மூலை.
துண்டு விழுந்தது.

அவள் போன பிறகு எந்திரம் கேட்டது,
இந்த வேலையைச் சேமிக்கவா என்று, டச்சு மொழியில்.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
அதனிடம் இருப்பது
விரல் இல்லாத கணக்கு.